வால்டாக்ஸ் ரோடு பழைய மரக்கடையும் ராயபுரத்தில் ஒரு கிரியோல் தாழ்வாரமும்

வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்துகளில் பழைய மரம் விற்கும் கடைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் முன்பக்கம் மரக்கடை, பின்பக்கம் தச்சுப்பட்டறை. எங்கள் ராயபுரம் வீட்டின் முன்தாழ்வாரம், ஜன்னல் கதவுகள், மதில் மூலையில் ஒரு சின்ன மண்டபம், கொல்லைப்புறச் சமையல்கட்டின் கூரை என்று எல்லா வேலையையும் அவர்களிடம்தான் கொடுத்தேன். பழைய வீட்டை இடிக்காமல் சரிசெய்ய நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு ஆள் தேடுகிறவர்கள் போக வேண்டாம். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் நான் கேட்டது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் அவர்கள் செய்ததை எடைபோட முடியாது.

நான் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மொரீஷியஸின் போர்ட் லூயிக்கும், பக்கத்துத் தீவான ரீயூனியனின் துறைமுகத்துக்கும் போகும்போது, கரையில் கிடைத்த நேரத்தை வீடுகளைப் பார்ப்பதிலேயே செலவழித்தேன். அங்கே இருக்கும் பழைய வீடுகளைக் கிரியோல் வீடுகள் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தீவுகளிலும் அமெரிக்காவின் லூசியானாவிலும், ஐரோப்பியர் கொண்டுவந்த வரைபடமும், ஆப்பிரிக்கர், இந்தியர் கைவேலையும், அந்தந்த ஊர் மழையும் வெயிலும் சேர்ந்து உருவாக்கிய வீடுகள் அவை. ரீயூனியனில் சேன்-தெனி நகரத்தின் பாரிஸ் தெருவில் நடந்தால் வரிசையாகப் பார்க்கலாம். மலைக்கு மேலே சலாசிப் பள்ளத்தாக்கில் எல்-பூர் என்ற ஊரில் சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றும் தோட்டத்துக்குள் ஒதுங்கி நிற்கும்.

பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது கூரை விளிம்பில் சரிகை மாதிரி தொங்கும் பலகைதான். லாம்பிரெகேன் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது வேண்டும் என்றுதான் நானும் கிளம்பினேன். ஆனால் அந்த வீட்டின் உயிர் அதில் மட்டும் இல்லை. தரையிலிருந்து தூக்கிக் கட்டிய பீடம், வெயில் சுவரைத் தொடாதபடி முன்னால் ஒரு தாழ்வாரம், நடுவாசலை வைத்து இருபுறமும் அச்சாக ஒரே மாதிரி அமைந்த முகப்பு, முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர், வெளிச்சத்தைத் தடுத்துக் காற்றை விடும் பட்டைக் கதவுகள், நெருப்பும் புகையும் வீட்டுக்குள் வராதபடி தனியாக நிற்கும் சமையல்கட்டு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது வேலை செய்யாது. மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் யுரேகா என்றொரு மாளிகை இருக்கிறது. 1830களின் வீடு. அதற்குக் கதவும் ஜன்னலுமாக 109. பணக்காரப் பகட்டு என்று நினைக்கத் தோன்றும். உள்ளே நின்றால் காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று உடம்புக்கே தெரியும்.

எங்கள் வீட்டிலும் இதெல்லாம் ஒருகாலத்தில் இருந்தவைதான். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் என்ற தட்டை மாடி, தேக்குத் தூண் வைத்த முன்தாழ்வாரம், மங்களூர் ஓடு, பின்னால் தனிச் சமையல்கட்டு. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் முன்கதவையும் கொல்லைக்கதவையும் திறந்து வைத்தால் மின்விசிறி வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் பக்கத்து வீட்டு வேப்பமரம் தாழ்வாரத்தின்மேல் சாய்ந்தது. ஓடெல்லாம் நொறுங்கி, அந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டோம். அதற்குப் பிறகு முன்னறையில் பகலில் யாரும் உட்காரவில்லை. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: இடித்துவிட்டு கான்கிரீட் சிலாப் போடுங்கள், மேலே ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம்.

மரக்கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. கடையில் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. வீட்டுக்கு வந்தவர் பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் தூண்களைக் கீழிருந்து மேலாக விரலால் தட்டிக்கொண்டே போனார். அடிப்பக்கம் சத்தம் மந்தமாக இருந்தது. பேனாக்கத்தியை எடுத்துக் குத்தினார், கத்தி உள்ளே போனது. ஒரு முழம் மேலே குத்தினார், முனைகூட இறங்கவில்லை.

“தூண மாத்த வேணாம் சார். இது பர்மா தேக்கு. இப்ப எந்த ஊர்ல தேடினாலும் இந்த மாதிரி கிடைக்காது. கால் மட்டும்தான் போயிருக்கு, புதுக் கால் வெப்போம்.”

அப்படியே செய்தார்கள். மெட்டல் ஜாக்கி வைத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டு, தூணின் அழுகிய அடியைச் சாய்வாக அறுத்து எடுத்தார்கள். கடையில் கிடந்த பழைய உத்திரம் ஒன்றிலிருந்து அதே நிறத்தில் துண்டு வெட்டி, இரண்டு சாய்வையும் படி படியாகச் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று கோத்து, குறுக்கே மர ஆணி அடித்துப் பூட்டினார்கள். அடியில் கருங்கல் பாதம் வைத்து அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். இனி மழைத்தண்ணீர் தரையில் நின்றாலும் மரத்தைத் தொடாது. லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றோரத்தில் லாரா என்ற கிரியோல் தோட்ட வீடு உண்டு, 1805 வாக்கில் கட்டியது. வெள்ளமும் ஈரமும் எட்டாதபடி அதைச் செங்கல் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டைப் பற்றி பாய்க்குத் தெரியாது. அதே கணக்கு அவர் கையில் இருந்தது.

பீடம் விஷயத்தில் மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வடசென்னையில் இது எல்லாருக்கும் தெரிந்த வேதனை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுப் போட்டு, ஐந்து படி ஏறிப்போன வீடெல்லாம் இன்று இரண்டு படியில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் எங்கள் தெருத் தண்ணீர் தாழ்வார விளிம்பு வரை வந்து நின்றது. உயரமான பீடத்தைக் கட்டிய பெரியவர்களின் புத்தியைத்தான் ரோடு போடுகிறவர்கள் வருஷா வருஷம் புதைக்கிறார்கள். எழுதும்போதே கோபம் வருகிறது. சரி, கடைக்குத் திரும்புகிறேன்.

லாம்பிரெகேன் பலகைக்கு நான் எல்-பூரில் எடுத்து வைத்திருந்த படங்களைக் கொண்டுபோனேன். பட்டறையில் இருக்கும் மூத்த ஆசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூ வேலைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எல்லாம் கீழ வந்து கூரா முடியுதே, ஏன் சார்?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, “தண்ணி சொட்டத்தான்” என்றார்.

அதேதான். மழைத்தண்ணீர் விளிம்பு நெடுக ஊர்ந்து உட்பக்கம் திரும்பிச் சுவருக்குப் போகாமல், அந்தக் கூர் முனைகளில் திரண்டு வெளியே விழுவதற்குத்தான் அந்த வடிவம். அழகு அதோடு சேர்ந்து வந்தது. ராயபுரம் ரயில் நிலையத்தின் பக்கமே வளர்ந்த எங்களுக்குப் பழைய ரயில்வே தாழ்வாரங்களில் பட்டை பட்டையாகத் தொங்கும் பலகைகள் புதிதல்ல. ஆசாரியும் அதைத்தான் சொன்னார், அந்த மாதிரிப் பலகையைப் பார்த்துப் பழகிய கை.

அதற்கு அடுத்து அவர் எடுத்த முடிவுதான் இந்தப் பட்டறையை மற்றதிலிருந்து பிரிக்கிறது. வேறு ஒரு கடையில் விசாரித்தபோது, நீளமான பலகையைப் படுக்கப்போட்டு மெஷினில் ஒரே வெட்டாக வெட்டித் தருகிறோம், பாதி விலை என்றார்கள். அப்படி வெட்டினால் முனைகளில் மரத்தின் ரேகை குறுக்கே போகும். கை பட்டாலே முனை முறியும், தண்ணீரும் ரேகையோரம் தேங்கும். ஆசாரி ஒவ்வொரு பல்லையும் தனித்தனிப் பலகையாக, ரேகை மேலிருந்து கீழே ஓடும்படி நிறுத்தி வெட்டினார். அட்டையில் ஒரு மாதிரி அச்சு, அதைப் பார்த்து ப்ளைவுட்டில் ஒரு அச்சு, பிறகுதான் தேக்கு. ஓரங்களை மெஷினில் எடுத்தாலும் முனையை மட்டும் உளியால் முடித்தார். பலகையின் பின்பக்கம், கீழிருந்து விரலளவு மேலே, குறுக்காக ஒரு மெல்லிய காடி, அதாவது பள்ளக்கோடு, இழைத்திருக்கிறார். பின்பக்கமாக ஏறப் பார்க்கும் தண்ணீர் அந்தக் காடியில் அறுந்து சொட்டிவிடும். நான் கேட்காத வேலை அது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஐப்பசி மழையில் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், சுவர் காய்ந்தே இருந்தது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் விற்பது இடித்த வீடுகளின் மரம். சௌகார்பேட்டை, மண்ணடி, முத்தியால்பேட்டைப் பக்கம் வீடு இடிக்கும்போது உத்திரம், நிலை, கதவு என்று மொத்தமாக எடுத்து வருகிறார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி உத்திரத்தின்மேல் மெல்ல இழுத்துப் போவான் பட்டறைப் பையன். காந்தம் இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம். அங்கேயெல்லாம் உள்ளே ஆணி புதைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தோண்டி எடுத்த பிறகே அறுவைக்குப் போகும். ஆணித் துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைப்பதா, அப்படியே விடுவதா என்று என்னைக் கேட்டார்கள். விடச் சொன்னேன். தாழ்வாரக் கூரையைச் சாய்வாகத் தாங்கும் கைமரங்களில் இடது ஓரத்தில் இருப்பதில் வரிசையாக நாலு துளை, யாருடைய வீட்டில் எதைத் தாங்கிய ஆணியோ.

கூரையைக் கட்டும்போது பாய் கண்டிப்பாக ஒன்று சொன்னார். தாழ்வாரக் கைமரங்களை வீட்டின் மாடி உத்திரத்தில் செருகக் கூடாது, மெட்ராஸ் டெரஸில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. சுவரில் தனியாகத் தாங்கு கட்டை கொடுத்து அதன்மேல் கைமரங்களை நிறுத்தினார்கள். “நாளைக்குப் புயல் வந்து இத தூக்கிட்டுப் போனாலும் உங்க வீட்ட தொடாது” என்றார். கரீபியன் தீவுகளின் கிரியோல் வீடுகள் பலவற்றில் தாழ்வாரக் கூரை முக்கியக் கூரையோடு சேராமல் தனியாகவே நிற்கும், இதே காரணத்துக்காக. மொரீஷியஸில் 1960-ஆம் வருஷம் அடித்த கரோல் புயலில் மரவீடுகள் ஏராளமாகப் போய்விட்டன. அதன் பிறகுதான் அந்த ஊர் கான்கிரீட்டுக்கு மாறியது. புயல் பயம் நமக்கும் அவர்களுக்கும் பொது.

மெட்ராஸ் டெரஸ் என்றதும் நான் பாயிடம் வில்லேல் வீட்டைப் பற்றிச் சொன்னேன். ரீயூனியனில் சேன்-ஜில் மேட்டில் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். தெபாசேன் குடும்பம் 1780களின் கடைசியில் கட்டியது. அந்த வீட்டுக்காரர் பாண்டிச்சேரி முற்றுகையில் படைவீரராக இருந்தவர், பாண்டிச்சேரி வீடுகளைப் பார்த்தவர். அதனால் அங்கே மரக்கூரை கிடையாது. நம் ஊர் முறையில் சுண்ணாம்பு போட்டுத் தட்டையான மாடி. இந்துமாக்கடலுக்கு நடுவில் ஒரு தீவில் நம் ஊர் மாடியின் பங்காளி நிற்கிறது. பாய் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அங்கயும் கடுக்காய் வெல்லத் தண்ணி ஊத்திதான் அடிச்சிருப்பாங்களா?” என்று கேட்டார். மெட்ராஸ் டெரஸ் போட்ட கடைசிக் கைகளைச் சின்ன வயதில் பார்த்தவராம். தேக்கு உத்திரங்களுக்கு மேலே மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று கைகாட்டிச் செய்து காட்டினார்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன், அதை இங்கேயும் பதிவு செய்ய ஆசை. மொரீஷியஸையும் ரீயூனியனையும் 1735 முதல் ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே, போர்ட் லூயியைக் கட்டி எழுப்பப் பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அதே மனிதர்தான் 1746-இல் கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவர். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே இருந்த காலத்தில் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தில் பெரும்பகுதி இடிபட்டது. 1749-இல் ஊர் ஆங்கிலேயருக்குத் திரும்பிய பிறகு, கொஞ்சம் தள்ளி வடக்கே வளர்ந்ததுதான் இன்றைய ஜார்ஜ் டவுன், இந்த மரக்கடைச் சந்துகள் எல்லாம். தமிழ்த் தச்சன் கையால் அங்கே ஒரு நகரம் எழுந்தது, அதே ஆளின் படையெடுப்பில் இங்கே நம் தெருக்கள் விழுந்தன. கிரியோல் வீட்டைக் காட்டி ‘ஃபாரின் டிசைன்’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. அதில் நம் ஆட்களின் உளியும் இருக்கிறது.

ஜன்னல் கதவுகளுக்கு வருகிறேன். பட்டைகள் அசையும் மாதிரி, நடுவில் ஒரு மெல்லிய தண்டை ஏற்றி இறக்கினால் எல்லாப் பட்டையும் சேர்ந்து சாயும் மாதிரிதான் கேட்டேன். இப்போதெல்லாம் அலுமினியத்தில்தான் கேட்கிறார்கள் என்று ஆசாரி அலுத்துக்கொண்டாலும், செய்து கொடுத்தது முதல் தரம். ஒவ்வொரு பட்டையின் இரு முனையிலும் கழுந்து என்கிற சின்ன மரமுளை, சட்டத்தில் அதற்கேற்ற துளை, நடுவே உலோகமே கிடையாது. மத்தியான வெயிலில் பட்டைகளைப் பாதி சாய்த்து வைத்தால் அறை இருட்டாகாமல் குளிர்ந்துவிடுகிறது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது, உள்ளே இருப்பவருக்குத் தெரு முழுக்கத் தெரியும்.

குறை இங்கேதான். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் பித்தளைத் திருகாணி போடுவதாகப் பேச்சு. கீல் பித்தளை, திருகாணி இரும்பு. மேலே பித்தளை முலாம் பூசியது. கடற்காற்று வீசுகிற ராயபுரத்தில் இரும்பு நிற்காது, தேக்கில் பட்டால் கறுப்பாகக் கசிந்து இறங்கும். கப்பலில் இந்தக் கறையோடுதான் வாழ்க்கை ஓட்டியிருக்கிறேன். மழைக்காலம் முடிவதற்குள் நாலைந்து இடத்தில் கோடு இறங்கிவிட்டது. போய்க் காட்டினேன். ஆசாரிக்கு முகம் வாடிவிட்டது. திருகாணி வாங்கப் போன பையன் கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்திருக்கிறான். எல்லாவற்றையும் கழற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டு, கறையை இழைத்து எடுத்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. ஆனால் தாழ்வாரக் கூரைக்குள்ளே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களை அடித்த ஆணிகளும் இரும்புதான், அவற்றை மாற்ற வழியில்லை. நீங்கள் போனால் ஆணியும் திருகாணியும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மதில் மூலை மண்டபம் என் ஆசைக்காகச் செய்தது. ரீயூனியனில் அதைக் கெத்தாலி என்பார்கள். தெருப்பக்கம் மதிலோடு ஒட்டி, மூலையில் உயர்த்திக் கட்டிய சின்னக் கூடம். வீட்டுப் பெண்கள் அதில் உட்கார்ந்து, தங்களைக் காட்டிக்கொள்ளாமல் தெருவில் போகிறவர் வருகிறவரைப் பார்ப்பார்கள். எல்-பூரில் ஃபோலியோ வீட்டுத் தோட்டத்தில் ஒன்று நிற்கிறது. எங்களுடையது தெருமுனை வீடு, எங்கள் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, தெருவைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நாலு தூண், மூன்று பக்கம் பட்டைச் சட்டம், உள்ளே ஒரு பெஞ்சு, மேலே கூம்பாக ஓட்டுக்கூரை. விளிம்பில் அதே லாம்பிரெகேனைச் சிறிதாக்கிப் போட்டிருக்கிறார் ஆசாரி. வேலை சுத்தம். படி மட்டும் உயரமாகப் போய்விட்டது, அம்மாவால் கால் தூக்கி வைக்க முடியவில்லை. யார் உட்காரப் போகிறார்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். மறுபடி ஆள் வந்து நடுவில் இன்னொரு படியும் கைப்பிடியும் வைத்துக் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் ரொம்ப அதிகம். போனில் கேட்டால் “நாளைக்கு அனுப்புறேன் சார்” என்ற பதில்தான் வரும். இப்போது காலையில் மீன்காரம்மா கூடையை இறக்கி வைப்பதே அங்கேதான். பேரம் பட்டைக்கு உள்ளிருந்து நடக்கிறது.

பின்கட்டுச் சமையலறை கடைசி வேலை. கிரியோல் வீடுகளில் சமையல்கட்டு எப்போதும் வெளியேதான். ரீயூனியனில் விறகடுப்புக் கொட்டகையை பூக்கான் என்கிறார்கள். புகை போகக் கூரையில் வழி விட்டு, இறைச்சியை அதே புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள். யுரேகாவிலும் சமையலறை கல் கட்டடமாக மாளிகைக்குப் பின்னால் தனியே இருக்கிறது. இதில் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர எனக்கு முடிந்ததில்லை. மாளிகைத் தாழ்வாரத்தில் காற்று வாங்கியவர்கள் ஒருத்தர், அந்தப் புகைக்குள் நின்றவர்கள் வேறு ஒருத்தர். வில்லேல் தோட்டத்தில் அடிமைகளுக்கென்று இருந்த மருத்துவமனைக் கட்டடத்தின் மிச்சமும் நிற்கிறது. ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20-இல். அதற்கு முன்னும் பின்னும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களில் நம் ஜனங்கள் எத்தனையோ பேர். அதனால் எங்கள் பின்கட்டைச் சரிசெய்யும்போது, அங்கே நின்று சமைக்கிறவருக்கு முதல் மரியாதை என்று பாயிடம் சொன்னேன். என் மனைவியையே கூப்பிட்டு, “அக்கா, அடுப்பு எந்தப் பக்கம், நீங்க எந்தப் பக்கம் பாத்து நிப்பீங்க?” என்று கேட்டார் ஆசாரி. அதற்குத் தகுந்தபடி கூரை உச்சியை இரண்டாகப் பிரித்து, மேலே ஒரு சின்னத் தொப்பிக் கூரை ஏற்றி, இடுக்கில் பட்டைகள் வைத்தார்கள். நெத்திலி வறுத்தாலும் புகை நேராக மேலே போய்விடுகிறது. மழைச்சாரல் உள்ளே வரவில்லை.

ஒரு விஷயத்தில் அவர்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, அதற்கு நன்றி சொல்கிறேன். ரீயூனியனின் பழைய வீடுகளில் கூரையும் சில இடத்தில் சுவரும் மரச்செதில்களால் மூடியிருக்கும். மலைப்பகுதியில் வளரும் ஒருவகை வேல இனத்து மரத்தில் வெட்டிய செதில்கள். மண்டபக் கூரைக்கு அதைச் செய்து தர முடியுமா என்று கேட்டேன். பாய் மறுத்துவிட்டார். அவ்வளவு மெல்லிய மரத்தை நம்ம ஊர் கரையான் விட்டு வைக்காது, செதில் செதிலாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தேக்கில் செய்தால் விலை தாங்காது, ஓடு போடுங்கள் என்றார். செய்து கொடுத்துக் காசு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

செலவைக் கேட்பீர்கள். மரம் கன அடிக் கணக்கில், கூலி தனியாக நாள் கணக்கில். தச்சருக்கு ஒரு நாளைக்கு 1,300 ரூபாய், கையாளுக்கு 900 கொடுத்தேன். மொத்தமாகப் பார்த்தால் கான்கிரீட் சிலாப்புக்குச் சொன்ன தொகையைவிடக் கூடுதல்தான். லாம்பிரெகேனில்தான் கூலி அதிகம் போனது. அதை நான் குறைத்துப் பேசவில்லை, அந்த உளி வேலைக்கு அது நியாயமான காசு. ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேளுங்கள். வாரக்கூலி சனிக்கிழமை மாலை, அன்றைக்குப் பணம் கையில் இருக்க வேண்டும். ஒத்துக்கொண்ட தேதியை நம்பாதீர்கள். நடுவில் வேறு வீட்டில் இடிப்பு வந்தால் எல்லாரும் மரம் எடுக்கப் போய்விடுவார்கள், உங்கள் வேலை அப்படியே நிற்கும். சொல்லிவிட்டுப் போவதும் இல்லை. இதற்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன், மீதி நாலும் மனசாரக் கொடுக்கிறேன்.

போகிறவர்கள் மழைக்கு முன்னால், ஆடி மாதத்துக்குள் மரத்தைத் தேர்ந்து முன்பணம் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும். மற்ற நாளில் காலை பதினொரு மணிக்குள் போனால் மூத்த ஆசாரி பட்டறையில் இருப்பார், அவர் இருக்கும்போதே பேசுங்கள். படம் கொண்டுபோங்கள், அதைவிட முக்கியமாக உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். இடித்த வீட்டுக் கதவுகள் இப்போது நிறைய வந்து கிடக்கின்றன. போன வாரம் பார்த்தபோது முத்தியால்பேட்டை வீடொன்றின் பட்டை ஜன்னல்கள் ஒரு ஜோடி, தண்டு உடையாமல், சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு பட்டைதான் குறைகிறது, ஆசாரி போட்டுக் கொடுத்துவிடுவார்.